தபால்தலைத் திருவிழாவுக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், அமெரிக்காவில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிற தலைப்புவாரித் தபால்தலைக் கண்காட்சியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 2024ல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் நடந்தபோது மகள் வீட்டில் இருந்ததால் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதற்கே இவ்வளவு கடிதங்கள் வந்துவிட்டன. இந்த மாதம் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிடுகிறேன்.

மகன் ஓஹையோவில் இருக்கிறான். அடுத்த கோடையில் நானும் மனைவியும் போகிறோம். முப்பது வருடமாகப் பட்டாம்பூச்சித் தபால்தலைகள் சேர்க்கிறேன். நீங்கள் சொன்ன கண்காட்சியில் நம்மையெல்லாம் உள்ளே விடுவார்களா? போனால் என்ன பார்க்க வேண்டும்? (குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்)

தாராளமாக விடுவார்கள் ஐயா. நுழைவுக் கட்டணமே கிடையாது. வாசலில் பெயர் எழுதிக் கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

முதலில் இது என்ன கூட்டம் என்று சொல்லிவிடுகிறேன். 1949ல் மில்வாக்கி நகரில் ஜெரோம் ஹுசாக் என்பவர் அமெரிக்கன் டாபிக்கல் அசோசியேஷன் என்ற சங்கத்தை ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் தபால்தலை சேர்ப்பது என்றால் நாடுவாரியாகச் சேர்ப்பதுதான். இந்தியா, பிரிட்டன், ஜெர்மனி என்று ஆல்பத்தில் பக்கம் போட்டு, காலியாக இருக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்புவார்கள். பூ சேர்க்கிறேன், கப்பல் சேர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் அதைச் சின்னப்பிள்ளை விளையாட்டாகப் பார்த்தவர்கள் நிறைய. அப்படிச் சேர்ப்பவர்களுக்கென்றே பிறந்த சங்கம் இது. 'டாபிக்கல் டைம்' என்று ஒரு பத்திரிகையும் நடத்துகிறார்கள். சங்கத்தின் வருடாந்திர மாநாட்டுக்கு நேஷனல் டாபிக்கல் ஸ்டாம்ப் ஷோ என்று பெயர். நெடுங்காலம் தனியாகவே நடந்தது. 2019ல் ஒமாஹாவில் அமெரிக்கன் ஃபிலாடெலிக் சொசைட்டியோடு, அதாவது 1886ல் தொடங்கிய பெரிய சங்கத்தோடு, சேர்ந்து நடத்தினார்கள். முதல் நாள் உறை, அதாவது தபால்தலை வெளியான நாளிலேயே முத்திரை குத்திய உறை, சேர்ப்பவர்களின் சங்கமும் கைகோத்த பிறகு மூவருக்கும் பொதுவாகக் கிரேட் அமெரிக்கன் ஸ்டாம்ப் ஷோ என்று பெயராகிவிட்டது. 2020ல் ஹார்ட்ஃபோர்டில் நடக்க இருந்தது கொரோனாவால் இணையத்தோடு நின்றது. அதற்கப்புறம் 2021ல் சிகாகோ பக்கம் ரோஸ்மான்ட், 2022ல் சாக்ரமென்டோ, 2023ல் உங்கள் மகன் இருக்கும் ஓஹையோவின் கிளீவ்லாந்து, 2024ல் ஹார்ட்ஃபோர்ட், 2025ல் ஷாம்பர்க். வருடாவருடம் ஊர் மாறும், தேதியும் ஜூலை கடைசிக்கும் ஆகஸ்ட் கடைசிக்கும் நடுவில் நகரும், அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் மகனை விட்டுத் தேதியைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் கால் தானாக டீலர்களின் மேசைப் பக்கம்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. நான் சொல்வதைக் கேளுங்கள், முதல் நாள் காலையில் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். நேராக ஃப்ரேம்கள் வரிசையாக நிற்கிற பகுதிக்குப் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஃப்ரேமுக்குப் பதினாறு தாள் வீதம் வைத்திருப்பார்கள், கூட்டம் அங்கே குறைவாகத்தான் இருக்கும். பட்டாம்பூச்சி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பூச்சி, ஒரு செடி, எதுவானாலும் சரி, ஒருவருடைய தொகுப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை நின்று படியுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் டீலர் மேசைக்குப் போனால் உங்கள் கண் வேறு பொருளைத் தேடும். அதுவரை புதுத் தபால்தலை செட்டையே கேட்டுக்கொண்டிருந்தவர், அப்போது பட்டாம்பூச்சி படம் போட்ட பழைய விளம்பர உறை இருக்கிறதா, பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றிய முத்திரை இருக்கிறதா என்று கேட்க ஆரம்பிப்பீர்கள்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் இல்லாதவற்றின் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கேட்டலாக் எண்ணோடு, அதாவது தபால்தலைப் பட்டியல் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கும் எண்ணோடு. அமெரிக்க டீலர்கள் ஸ்காட் கேட்டலாக் எண்ணைத்தான் பேசுவார்கள். நாம் பிரிட்டிஷ் கேட்டலாகான ஸ்டான்லி கிப்பன்ஸ் எண்ணைச் சொன்னால் விழிப்பார்கள். ஒன்று ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று பெட்டி பெட்டியாகக் கொட்டி வைத்திருக்கும் மேசைகளும் உண்டு. அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து, கூடவே கொண்டுபோன ட்வீசரால் ஒவ்வொன்றாகப் புரட்டுவதில் இருக்கிற சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. பேரம் பேசலாம், தப்பே இல்லை, மொத்தமாக எடுத்தால் அவர்களே குறைத்துவிடுவார்கள்.

அப்புறம், அமெரிக்கத் தபால் துறை சில புதிய தபால்தலைகளை இந்தக் கண்காட்சியில் வைத்தே வெளியிடுகிறது. 2022ல் சாக்ரமென்டோவில் ஃபோர்டு மஸ்டாங் உட்பட ஐந்து பழைய கார்கள் வெளியானது அப்படித்தான். 2023ல் கிளீவ்லாந்தில் நுண்ணோக்கி வழியே பார்த்த உயிர்களின் படங்கள் இருபது வந்தன. வெளியீட்டு நாளில் இருந்தால் முத்திரை குத்திய முதல் நாள் உறையைக் கையோடு வாங்கி வரலாம். மனைவியையும் அழைத்துப் போங்கள், ஆனால் அவருக்கு ஆர்வம் இல்லையென்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். மறுநாள் தனியாகப் போய்க்கொள்ளலாம்.

'டாபிக்கல்' என்கிறார்கள், 'தீமாட்டிக்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? (கும்பகோணம்)

பேச்சு வழக்கில் ஒன்றுதான். அமெரிக்காவில் டாபிக்கல் என்பார்கள், நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் தீமாட்டிக் என்பார்கள். ஆனால் கண்காட்சிக்கு வைப்பவர்கள் ஒரு வித்தியாசம் பார்க்கிறார்கள். யானை படம் இருக்கிற எல்லாத் தபால்தலையையும் நாடுவாரியாக அடுக்கினால் அது தலைப்புத் தொகுப்பு. யானையைப் பிடித்த விதம், பழக்கிய விதம், போருக்கும் கோயிலுக்கும் மரம் வெட்டும் கூப்புக்கும் அனுப்பிய விதம் என்று கதையாகக் கோத்துக்கொண்டு போனால் அது தீமாட்டிக். முதலாவதில் சேர்த்தவரின் உழைப்பு தெரியும், இரண்டாவதில் யோசனையும் தெரியும்.

எங்கள் ஊர்க் கண்காட்சியில் மூன்று வருடமாக வைக்கிறேன், வெண்கலப் பதக்கத்தைத் தாண்ட முடியவில்லை. என்னிடம் விலை உயர்ந்த தபால்தலைகள் இருக்கின்றன. நடுவர்கள் என்னதான் பார்க்கிறார்கள்? (மதுரை)

உங்கள் கடிதத்தில் இருக்கிற வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் அந்த இடத்தில் நின்றவன்தான். என் முதல் தொகுப்புக்குச் சான்றிதழ் மட்டும்தான் கிடைத்தது, ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சர்வதேச விதிப்படி தீமாட்டிக் பிரிவுக்கு மொத்தம் 100 மதிப்பெண். அதில் 35 கதையைக் கையாண்ட விதத்துக்கு: தலைப்புக்கும் திட்டத்துக்கும் 15, அதை வளர்த்துக்கொண்டு போவதற்கு 15, புதுமைக்கு 5. அடுத்த 30 அறிவுக்கு, அதாவது எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பற்றிய அறிவுக்குப் பாதி, தபால்தலை பற்றிய அறிவுக்குப் பாதி. பொருளின் நிலைக்கு 10, அரிய தன்மைக்கு 20, தாள்களை அழகாக அமைத்ததற்கு 5. கூட்டிப் பாருங்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய அரிய தபால்தலைகள் எல்லாம் சேர்ந்து அந்த 20க்குள்தான் அடங்குகின்றன. திட்டமும் அறிவும் சேர்ந்தால் 65.

இது எண்ணிக்கையாகச் சொன்னால் மனதில் தங்காது. ஹார்ட்ஃபோர்டில் நான் நின்று படித்த ஒரு தொகுப்பைச் சொல்கிறேன். தலைப்பு மலேரியா. எனக்கு முதலில் அதில் பெரிய ஆர்வம் இல்லை, ஏனென்றால் மலேரியா என்றாலே 1962 நினைவுக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒரே கொசு சின்னத்தோடு தபால்தலை வெளியிட்ட வருடம் அது, இந்தியாவும் வெளியிட்டது. எந்த டீலரிடமும் சல்லிசாகக் கிடைக்கும். அதைத்தான் வரிசையாக ஒட்டியிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் முதல் ஃப்ரேமில் ஒரு கொசு கூட இல்லை.

இரண்டாவது தாளோ மூன்றாவது தாளோ, நடுவில் பெரு நாட்டின் பழைய தபால்தலை ஒன்று. அதில் இருப்பது நாட்டின் சின்னம், அவ்வளவுதான், நாமாக இருந்தால் ஒரு நிமிடம் கூட நிற்க மாட்டோம். பக்கத்தில் பென்சில் மெலிவில் ஒரு சின்ன அம்புக்குறி. குனிந்து பார்த்தால் சின்னத்தின் ஒரு கட்டத்துக்குள் குட்டியாக ஒரு மரம். கீழே இரண்டே வரி: இது சின்கோனா மரம், இதன் பட்டையிலிருந்துதான் மலேரியா மருந்தான கொய்னா வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெருவின் சின்னம் எத்தனையோ முறை என் கையில் புரண்டிருக்கிறது, அதில் மரம் இருப்பதைப் பார்த்தேனே தவிர என்ன மரம் என்று கேட்டதில்லை.

அடுத்த தாளில் அந்த மரம் கடல் தாண்டுகிறது. 1860களில் தென் அமெரிக்காவிலிருந்து விதைகளும் கன்றுகளும் வந்து இறங்கியது எங்கே தெரியுமா, நம் நீலகிரியில். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள், நடுவட்டத்தில் அரசாங்கக் கொய்னா தொழிற்சாலையும் நடந்தது. அப்புறம் பிரிட்டிஷ் இந்தியாவின் தபால் ஆபீஸ்களிலேயே கொய்னாப் பொட்டலம் விற்றார்கள். கார்டு வாங்கப் போகிற ஜன்னலிலேயே காய்ச்சல் மருந்தும். இந்தக் கதைக்கு ஒரு சாதாரண விக்டோரியா ராணி அஞ்சலட்டையை வைத்திருந்தார். அதன் விலை சில டாலர் இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமான பொருள் வேறு கிடையாது. அதற்கப்புறம்தான் செகந்திராபாத்தில் 1897ல் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டுபிடிப்பது வருகிறது, பனாமா கால்வாய்ப் பகுதியில் கொசுவை ஒழித்த டாக்டர் கோர்காஸின் ஒரு சென்ட் தபால்தலை வருகிறது. 1962ன் கொசு சின்னம் கடைசி ஃப்ரேமில்தான், அதுவும் இரண்டு தாளோடு சரி.

அன்று அந்த ஃப்ரேம் முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். படத்தைத் தேடாதீர்கள், தொடர்பைத் தேடுங்கள். உங்கள் தலைப்பு காந்தி என்று எழுதியிருக்கிறீர்கள். 1948 ஆகஸ்ட் 15ல் வந்த நான்கில் பத்து ரூபாய்த் தபால்தலை வாங்க நீங்கள் பட்ட பாட்டையும் எழுதியிருக்கிறீர்கள். அது அருமையான பொருள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதை முதல் தாளின் நடுவில் வைத்துவிட்டு, மீதி எழுபது தாளிலும் நூறு நாடுகளின் காந்தி முகங்களை அடுக்கினால், நடுவர் மூன்றாம் தாளிலேயே களைத்துவிடுவார். உப்பு, ராட்டை, ரயிலின் மூன்றாம் வகுப்பு, தென்னாப்பிரிக்கா, சிறை என்று பிரியுங்கள். காந்தி முகமே இல்லாத தாள்கள் பாதியாவது வர வேண்டும். சிறையிலிருந்து வந்த கடிதத்தில் தணிக்கை முத்திரை, கதர்த் துணியிலேயே அச்சிட்டு 2011ல் டெல்லி கண்காட்சியின்போது வெளியிட்ட நூறு ரூபாய்த் தபால்தலை, உப்பு வரி காலத்து ரசீது (தபால் சம்பந்தம் இல்லாத ரசீது செல்லாது, அதைக் கவனியுங்கள்), தபால்தலைக்குப் பதில் இயந்திரம் அச்சடிக்கும் மீட்டர் முத்திரை, அஞ்சலட்டை, விமானத் தபால் தாள் என்று பொருளின் வகையையும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே மாதிரி தபால்தலைகளாகவே இருந்தால் தபால்தலை அறிவுக்கான 15ல் பெரும்பகுதி போய்விடும்.

இன்னொன்று, திட்டப் பக்கம், அதாவது தொகுப்பின் கதை எப்படிப் பிரிந்து போகிறது என்று காட்டுகிற பக்கம். அதை எல்லோரும் கடைசியில் அவசரமாக எழுதுகிறோம். அதை முதலில் எழுதுங்கள், எழுதிவிட்டு தபால்தலையே தெரியாத ஒருவரிடம், வீட்டில் மருமகளோ பக்கத்து வீட்டு வாத்தியாரோ, படிக்கக் கொடுங்கள். அவருக்குக் கதை புரிந்தால் நடுவருக்கும் புரியும். வெண்கலத்திலிருந்து வெள்ளிக்கும், அங்கிருந்து வெர்மெயிலுக்கும், அதாவது தங்க முலாம் பூசிய வெள்ளிக்கும், போக இதுதான் வழி. கண்காட்சி முடிந்ததும் நடுவர்கள் ஃப்ரேம் முன்னால் நின்று பேசுவார்கள், அப்போது போய் நின்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு டைனோசர் பிடிக்கும். கடையில் 100 ஸ்டாம்ப் பாக்கெட் வாங்கினேன், எல்லாமே அஜ்மான், ஃபுஜேரா, மனாமா என்று இருக்கிறது. அவை நல்ல ஸ்டாம்ப்பா? மேலும் சேர்க்க என்னிடம் காசு இல்லை. (அரியலூர்)

தம்பி, உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. டைனோசர் பிடித்த பையன் அரியலூரில் இருக்கிறான் என்றால் அதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்! உன் ஊர் மண்ணிலேயே கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய கடல் உயிர்களின் புதைபடிமங்கள் கிடக்கின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பாய், சுருள் சுருளாக இருக்குமே அந்த அம்மோனைட் கற்கள், அவற்றைப் படம் வரைந்து உன் தொகுப்பின் முதல் பக்கத்தில் எழுதிவை.

உன் பாக்கெட்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அஜ்மான், ஃபுஜேரா எல்லாம் வளைகுடாவில் உள்ள சின்னச் சின்னப் பகுதிகள். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் வெளிநாட்டு வியாபாரிகள் அவற்றின் பெயரில் மூட்டை மூட்டையாகத் தபால்தலை அச்சடித்து விற்றார்கள். பெரும்பாலானவை எந்தக் கடிதத்திலும் ஒட்டப்பட்டதே இல்லை. மூலையில் அழகாகக் கால்வட்டமாக ஒரு முத்திரை இருக்கும், பின்னால் திருப்பினால் பசை அப்படியே இருக்கும். அச்சகத்திலேயே குத்தின முத்திரை அது. பார்க்க அழகு, வைத்துக்கொள், தூக்கிப் போடாதே. ஆனால் இனிமேல் அதற்குக் காசு கொடுக்காதே.

அதற்குப் பதில் இரண்டு பொருளைத் தேடு. ஒன்று, 1958ல் சீனா வெளியிட்ட டைனோசர். லூஃபெங்கோசாரஸ் என்று பெயர், தபால்தலையில் வந்த முதல் டைனோசர் அதுதான். உடனே கிடைக்காது, பரவாயில்லை, தேடு. இரண்டாவது நம் நாட்டுடையது. 1951 ஜனவரியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நூற்றாண்டுக்கு வந்த இரண்டணாத் தபால்தலை. பார்த்தால் யானைகள் மாதிரி இருக்கும், தந்தம் மட்டும் நம்ப முடியாத நீளம். அது யானை இல்லை, ஸ்டெகோடான் என்ற அழிந்துபோன விலங்கு. இது டைனோசர் கிடையாது, டைனோசருக்கு வெகுகாலம் பின்னால் வந்தது, ஆனால் உன் கதையில் "அப்புறம் என்ன ஆயிற்று" என்ற பக்கத்துக்குச் சரியாகப் பொருந்தும். முத்திரை குத்தியது என்றால் குறைந்த விலைக்கே கிடைக்கும்.

காசு விஷயம். தபால் துறையில் தீன் தயாள் ஸ்பர்ஷ் என்று ஒரு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை தபால்தலை சேர்க்கும் மாணவர்களுக்கு வருடம் 6000 ரூபாய். முதலில் எழுத்து வினாடி வினா, அதில் தேறினால் ஒரு தபால்தலைப் புராஜெக்ட் செய்து கொடுக்க வேண்டும். பள்ளியில் தபால்தலைக் கிளப் இருந்து அதில் நீ உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லையென்றால் உன் பெயரில் தபால் ஆபீஸில் ஃபிலாடெலி டெபாசிட் கணக்கு இருந்தால் போதும். அதற்குக் குறைந்தது 200 ரூபாய் கட்டினால் போதும், புதுத் தபால்தலைகள் வீட்டுக்கே வரும். நாளைக்கே உன் வகுப்பு ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. உன் ஊர்ப் படிமங்களை வைத்தே நீ புராஜெக்ட் செய்தால் உன் அளவுக்கு அதை யாரும் எழுத முடியாது.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் ஐம்பது வருடம் சேர்த்த பறவைத் தபால்தலைகள் ஏழு ஆல்பம் இருக்கின்றன. எனக்கு ஒன்றும் தெரியாது. வீடு கடலுக்குப் பக்கம், ஈரத்தில் பல தபால்தலைகள் தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. விற்றால் நல்ல விலை கிடைக்குமா? (நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி)

அம்மா, முதலில் எதையும் பிய்க்காதீர்கள். நகத்தால் நெம்பினால் தபால்தலை இரண்டாக உரிந்துவிடும். ஒரு மூடியுள்ள டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்சை வைத்து, அதன் மேல் சின்ன வலை அல்லது ஜல்லடை மாதிரி ஏதாவது வைத்து, ஒட்டிக்கொண்ட தாளை அந்த வலையின் மேல் வையுங்கள். தண்ணீர் தாளில் படக்கூடாது, ஈரக் காற்று மட்டும்தான் பட வேண்டும். மூடிவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை பாருங்கள். பசை இளகியதும் ட்வீசரால் மெதுவாகத் தூக்கினால் வந்துவிடும். வராவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். எடுத்ததை வெள்ளைத் தாள் மேல் முகம் கீழே இருக்கும்படி காய வைத்து, அப்புறம் கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். முதலில் சாதாரணமானது ஒன்றில் பழகிக்கொள்ளுங்கள்.

ஆல்பங்களைப் படுக்க வைத்து அடுக்காமல் நிற்க வையுங்கள். பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள், நாப்தலின் உருண்டை வேண்டாம். மாதம் ஒருமுறை, மழை இல்லாத நாளில், திறந்து பக்கங்களை விரித்து அரை மணி நேரம் ஃபேன் காற்றில் வையுங்கள், வெயிலில் வேண்டாம். சாதாரணப் பிளாஸ்டிக் கவர்களில் அப்பா வைத்திருந்தால் அவற்றிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த மாதிரி மலிவான பிளாஸ்டிக் பக்கங்களில் வைத்து எனக்கு ஒரு முழுச் செட்டும் எண்ணெய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது, இருபது வருடம் ஆகியும் அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

விலையைப் பற்றி: உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. பறவைத் தபால்தலைகள் உலகம் முழுக்க ஏராளமாக வந்திருக்கின்றன, கேட்டலாகில் போட்டிருக்கும் விலையில் சிறு பகுதிதான் விற்கும்போது கைக்கு வரும். நீங்கள் எழுதிய பட்டியலில் 1968 டிசம்பர் 31ல் வந்த நம் நான்கு பறவைகள், நீல மேக்பையிலிருந்து தேன்சிட்டு வரை, முத்திரை குத்தாமல் முழுச் செட்டாக இருப்பதாகத் தெரிகிறது. அது நல்ல செட், பத்திரம். ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய அந்த அட்டைப் பெட்டியைப் பற்றி. "பழைய கடிதங்கள், கவர்கள் கொஞ்சம் இருக்கின்றன, தூக்கிப் போடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். உறையிலிருந்து தபால்தலையை வெட்டியும் எடுக்காதீர்கள். முத்திரை, தேதி, ஊர், விலாசம் எல்லாம் சேர்ந்து இருக்கும் உறைதான் இன்று சேர்ப்பவர்கள் தேடுவது, ஏழு ஆல்பத்தை விட அந்த ஒரு பெட்டியில் மதிப்பு அதிகமாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். விற்பதானால் ஒருவரிடம் மட்டும் காட்டாமல் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். சென்னையில் 1956லிருந்து தென்னிந்தியத் தபால்தலைச் சங்கம் இயங்குகிறது, அங்கே கேட்டால் பறவை சேர்க்கிறவர்கள் கிடைப்பார்கள். அப்பாவின் கையெழுத்தில் ஏதாவது குறிப்பு நோட்டு இருந்தால் அதை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அமெரிக்கக் கண்காட்சிக்கு இளைஞர்கள் வருகிறார்களா? (ஈரோடு)

பெரும்பாலும் நரைத்த தலைகள்தான். குழந்தைகளுக்கென்று தனி மேசை போட்டு, தபால்தலைகளை இலவசமாகக் கொடுத்து, வெட்டி ஒட்ட விடுகிறார்கள். அந்த மேசையில் கூட்டம் இருந்தது. நடுத்தர வயதுக்காரர்களைத்தான் காணோம்.

ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். ரயில் படம் போட்ட தபால்தலைகள் நானூறுக்கு மேல் சேர்த்துவிட்டேன். அமெரிக்கக் கண்காட்சிக்கு அனுப்ப ஆசை. எப்படித் தொடங்குவது? (பொன்மலை, திருச்சி)

ஐயா, ஆசை நல்லது, ஆனால் அமெரிக்கா கடைசிப் படி. முதலில் மாவட்ட அளவில் வையுங்கள், அப்புறம் மாநில அளவில் டானாபெக்ஸ், அதன் பின் தேசிய அளவில் இன்பெக்ஸ். ஒவ்வொரு படியிலும் நடுவர் சொன்னதைத் திருத்திக்கொண்டு மேலே போக வேண்டும்.

நானூறும் தேவைப்படாது. உலகத்தில் ரயில் சேர்ப்பவர்கள் எக்கச்சக்கம், 1860ல் நியூ பிரன்ஸ்விக் வெளியிட்ட ஒரு சென்ட் எஞ்சின் தபால்தலையிலிருந்து ஆரம்பித்து எல்லோரும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். உங்களிடம் இருப்பது அவர்களிடம் இல்லை: நீங்கள் ரயிலில் வேலை பார்த்தவர். உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில், இரவு வண்டிகளில் ஆர்.எம்.எஸ். (ரயில்வே மெயில் சர்வீஸ்) பெட்டியில் ஆட்கள் நின்றபடியே கடிதங்களைப் பிரித்துக் குழிக்குழியான அலமாரியில் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் தலைப்பு. ஓடும் ரயிலில் தபால். வண்டிப் பிரிவின் பெயரோடு விழுந்த ஆர்.எம்.எஸ். முத்திரைகள், பிளாட்பாரத்தில் நின்ற வண்டியின் பெட்டியில் கடைசி நிமிடத்தில் போட்ட கடிதத்துக்கு லேட் ஃபீ கட்டிய உறைகள், ரயில்வே நூற்றாண்டுக்கு 1953 ஏப்ரல் 16ல் வந்த இரண்டணாத் தபால்தலை ஒட்டிப் போன உறை, இவையெல்லாம் பழைய காகிதக் கடைகளிலும் உங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணிலும் கிடைக்கும். நானூறில் நாற்பதை எடுத்துக்கொள்ளுங்கள், மீதிக்கு உறைகளைத் தேடுங்கள். ஒரு ஃப்ரேம், பதினாறு தாள், அதோடு தொடங்குங்கள். திட்டப் பக்கத்தை எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அந்த இரவு வண்டியில் மூட்டை எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று ஸ்டேஷன் பெயர்களோடு எழுதுங்கள்.